பழைய வீட்டில் ஆர்சிசிபி போட்டதும் ட்ரிப் ஆகிறது

கேள்வி:
1985ல் கட்டிய வீடு, சிங்கிள் ஃபேஸ். பீங்கான் பியூஸ்களைக் கழற்றிவிட்டு 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (ஃபேஸில் போகும் கரன்ட்டும் நியூட்ரலில் திரும்பும் கரன்ட்டும் சமமாக இல்லாவிட்டால் சப்ளையை நிறுத்தும் கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச்) எம்சிபிகளும் (ஓவர்லோடு, ஷார்ட் ஆனால் விழும் சுவிட்ச்கள்) போட்டாச்சு. லோடு இல்லாமல் நிற்கிறது. ஹால் லைட்டைப் போட்டால் உடனே விழுகிறது. ஆர்சிசிபி பழுதா?

பதில் 1:
பெரும்பாலும் இல்லை. ஹால் லைட்டின் நியூட்ரல் ஆர்சிசிபிக்கு முன்னாலேயே பழைய லிங்கில் (நியூட்ரல் வயர்கள் சேரும் பட்டை) மாட்டியிருக்கும். அல்லது நியூட்ரல் அறுந்தபோது யாரோ எர்த்தையே நியூட்ரலாக இழுத்திருப்பார்கள். இரண்டில் இரண்டாவதுதான் ஆபத்து. மெயினை அணைத்து, ஹால் லைட்டின் ரிட்டர்ன் வயர் எங்கே போகிறதென்று சுவிட்ச் போர்டிலிருந்து டிபி (எம்சிபிகள் இருக்கும் மெயின் பெட்டி) வரை மீட்டரில் கன்டினியூட்டி (வயர் தொடர்பு) பாருங்கள். எல்லா நியூட்ரலும் ஆர்சிசிபியின் அவுட்புட் பக்கத்து லிங்குக்குத்தான் வரணும்.

பதில் 2:
நியூட்ரல் இணைப்பு சரியாக இருந்தால் மெக்கர் (வயர் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போடுங்க. மெயின் ஆஃப், சர்க்யூட்டின் ஃபேஸையும் நியூட்ரலையும் கழற்றி, எல்இடி பல்பு, ஃபேன் ரெகுலேட்டர், டிவி எல்லாம் பிரித்தபிறகு 500 வோல்ட்டில் நியூட்ரல்–எர்த் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த வயரை மாற்றணும். சுவரில் நீர் ஊறுகிற குளியலறைப் பக்கம்தான் இன்சுலேஷன் முதலில் போகும்.

பதில் 3:
இன்வெர்ட்டர் இருக்கா? அதன் இன்புட்டை ஆர்சிசிபிக்கு முன்னால் எடுத்து, லோடு நியூட்ரலைப் பின்னால் இணைத்திருந்தாலும் இதே கதைதான். அப்புறம், 1.5 ஸ்கொயர் மில்லிமீட்டர் லைட் வயருக்கு 16 ஆம்பியர் எம்சிபி போட்டிருந்தால் 6 அல்லது 10க்கு இறக்குங்க. ஆர்சிசிபி ஓவர்லோடைப் பார்க்காது.