தமிழ்நாட்டு லைசென்ஸோடு ஜெர்மனியில் கார் ஓட்டுவது: எங்கே இடறும்?

பிரியா_கோவை

வணக்கம். வேலை நிமித்தமாக ஸ்டுட்கார்ட் போகிறேன். கையில் கோவை ஆர்டிஓ கொடுத்த எல்எம்வி லைசென்ஸ் இருக்கிறது. அது அங்கே எத்தனை நாள் செல்லும்? வண்டி வலப்பக்கம் ஓடும் என்பது தெரியும். அதைத் தாண்டி, நம்ம ஊர் பழக்கத்தில் ஓட்டினால் எந்தெந்த இடத்தில் மாட்டுவோம்? வேக வரம்பே இல்லாத ஆட்டோபான் என்ற விரைவுச் சாலையில் விபத்து அதிகமா?

ரமேஷ்.எம்

லைசென்ஸ் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே குடியேறிய நாளிலிருந்து 6 மாதம் செல்லும். கூடவே ஜெர்மன் மொழிபெயர்ப்பு இருக்க வேண்டும். ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கத்திலோ சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரிடமோ வாங்கலாம். 6 மாதம் தாண்டி ஓட்டினால் வெறும் அபராதத்தோடு போகாது. லைசென்ஸே இல்லாமல் ஓட்டியதாகக் கிரிமினல் வழக்கு வரும். விபத்து நடந்துவிட்டால் இன்சூரன்ஸ்காரர் கொடுத்த பணத்தில் 5,000 யூரோ வரை உங்களிடம் திருப்பிக் கேட்கலாம்.

இந்திய லைசென்ஸை நேரடியாக மாற்றித் தர மாட்டார்கள். எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் உண்டு. ஆனால் புதிதாக எடுப்பவர்களுக்குள்ள கட்டாய வகுப்புகள் உங்களுக்குக் கிடையாது, அதில் பெரிய செலவு மிச்சம். கண் பரிசோதனைச் சான்று, 9 பாடவேளை முதலுதவிப் பயிற்சிச் சான்று, பயோமெட்ரிக் போட்டோ, லைசென்ஸின் மொழிபெயர்ப்பு இவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு ஏதாவது ஒரு ஓட்டுநர் பள்ளி வழியாகத்தான் போக முடியும். எழுத்துத் தேர்வில் 30 கேள்வி. பிழைப் புள்ளி 10-ஐத் தாண்டினால் தோல்வி. 5 புள்ளிக் கேள்வி இரண்டைத் தவறவிட்டால், கூட்டினால் 10தான் வந்தாலும் தோல்விதான். ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழ் கிடையாது.

கிளம்பும் முன் லைசென்ஸ் காலாவதித் தேதியைப் பாருங்கள். மாற்றுவதற்கு விண்ணப்பிக்கும்போது அது உயிரோடு இருக்க வேண்டும். அங்கே குடியேறிய பிறகு லீவில் ஊருக்கு வந்து புது லைசென்ஸ் எடுத்துப் போகலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது செல்லாது.

செந்தில்வேலன்

ஓட்டும் தேர்வில் நம்மவர்களைக் கவிழ்ப்பது இடம்-வலம் மாற்றம் இல்லை. அது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். கவிழ்ப்பது முன்னுரிமை.

குடியிருப்புத் தெருக்களில் சிக்னலோ பலகையோ இல்லாத சந்திப்புதான் அதிகம். அங்கே வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. நீங்கள் அகலமான தெருவில் நேராகப் போகிறீர்கள், அவர் சந்து மாதிரியான தெருவிலிருந்து வருகிறார் என்றாலும் அவர்தான் முதலில். 30 கிமீ வேக வரம்புள்ள மண்டலத்துக்குள் நுழைந்தாலே ஒவ்வொரு சந்திலும் வேகத்தைக் குறைத்து வலது பக்கம் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின் சீட்டில் இருக்கும் தேர்வாளர் உங்கள் கழுத்தைத்தான் கவனிப்பார். வண்டியே வராவிட்டாலும், பார்க்காமல் கடந்தால் பிழை. விதிவிலக்கும் உண்டு: தாழ்த்திய நடைபாதை விளிம்பைத் தாண்டியோ, பார்க்கிங்கிலிருந்தோ வெளியே வருபவர் வலப்பக்கமே வந்தாலும் அவர்தான் நிற்க வேண்டும். நீங்கள் போகும் ரோட்டில் மஞ்சள் வைரப் பலகை இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. அப்போது பக்கத்துத் தெருக்காரருக்காகத் தேவையில்லாமல் பிரேக் போடுவதும் தவறு, பின்னால் வருபவர் அதை எதிர்பார்க்க மாட்டார்.

வேடிக்கை என்னவென்றால் இது நம் சட்டத்துக்குப் புதிதல்ல. 2017 வரை நடப்பில் இருந்த 1989-ம் ஆண்டு இந்தியச் சாலை விதிமுறைகளில் 9-வது விதியே, பிரதான சாலை என்று குறிக்கப்படாத சந்திப்பில் வலப்பக்கம் வருபவருக்கு வழிவிடச் சொன்னது. நடைமுறையில் யார் மூக்கை முதலில் நுழைக்கிறாரோ அவருக்கே வழி. அந்தப் பழக்கத்தை அங்கே கொண்டுபோனால் மோதல் நிச்சயம். வலப்பக்கக்காரர் நீங்கள் நிற்பீர்கள் என்று நம்பி வேகம் குறைக்காமலே வருவார்.

அடுத்தது தோள்பார்வை. லேன் மாறும்போதும் திரும்பும்போதும் வரிசை இதுதான்: உள் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, இண்டிகேட்டர், பிறகு தோளுக்கு மேல் ஒரு பார்வை, அதற்கப்புறம்தான் ஸ்டியரிங். வலது திரும்பும்போது இது உயிர்ப் பிரச்சினை. உங்களுக்கு வலப்பக்கம் சைக்கிள் பாதையில் நேராகப் போகிறவருக்கும், நீங்கள் திரும்பும் தெருவைக் கடக்கும் பாதசாரிக்கும் முன்னுரிமை. கண்ணாடியில் சைக்கிள் தெரியாத அந்தக் குருட்டு மூலையில்தான் விபத்து நடக்கிறது. சைக்கிளை ஓவர்டேக் செய்ய ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் இடைவெளி வேண்டும். இடமில்லையா, பின்னாலேயே போங்கள். ஹாரன் அடித்து ஒதுக்கக் கூடாது.

சென்னையில் ‘ஃப்ரீ லெஃப்ட்’ பழகியவர்களுக்கு ஒரு பொறி: அங்கே சிவப்பு விளக்கில் வலது திரும்ப முடியாது. விளக்கின் பக்கத்தில் பச்சை அம்பு வரைந்த தகடு இருந்தால் மட்டும் அனுமதி. அப்போதும் கோட்டில் சக்கரம் முழுசாக நின்ற பிறகே. ஸ்டாப் பலகையிலும் அப்படித்தான், உருண்டுகொண்டே போனால் அங்கேயே ஃபெயில்.

மெதுவாக ஓட்டினால் பாதுகாப்பு என்றும் நினைக்காதீர்கள். ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகை தொடங்கும் இடத்திலிருந்து 50, ஊர் முடிந்ததும் 100. காலியான ரோட்டில், நல்ல வெளிச்சத்தில், காரணமே இல்லாமல் 70-ல் போனால் தேர்வாளர் குறித்துக்கொள்வார்.

அருள்ஜோதி

குடி பற்றி யாரும் சொல்லவில்லை. இந்தியாவில் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம்தான் வரம்பு. ஜெர்மனியில் 0.5 புரோமில் (ஆயிரத்தில் அரைப் பங்கு), நம் கணக்கில் ஏறத்தாழ 50. காகிதத்தில் நாம்தான் கண்டிப்பு! ஆனால் ‘0.5 வரை குடிக்கலாம்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 0.3-க்கு மேல் இருந்து வண்டி தள்ளாடினாலோ விபத்தானாலோ கிரிமினல் குற்றம். 21 வயதுக்குக் கீழானவர்களுக்கும் புது லைசென்ஸின் தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களுக்கும் பூஜ்யம்தான்.

கே. நடராசன்

ஆட்டோபான் கேள்விக்கு. எல்லா இடத்திலும் வரம்பு இல்லாமல் இல்லை. வரம்பில்லாத பகுதியிலும் 130 என்பது பரிந்துரை வேகம். அதற்கு மேல் போய் விபத்தில் சிக்கினால் உங்கள் மேல் தவறே இல்லாவிட்டாலும் இழப்பீட்டில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழலாம். உயிரிழப்பு அதிகம் நடப்பது ஆட்டோபானில் இல்லை, ஊருக்கு வெளியே உள்ள, நடுவில் தடுப்பில்லாத சாலைகளில். எதிர் வண்டி, மரம், வளைவு எல்லாம் அங்கேதான்.

ஆட்டோபானில் மனப்பாடமாக வேண்டியவை: வலது லேன்தான் வீடு, இடது லேன் ஓவர்டேக்குக்கு மட்டும். வலப்பக்கமாக முந்தக் கூடாது. நெரிசலில் வண்டிகள் ஊர்ந்தாலே, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும் வரை காத்திராமல் வழி திறக்க வேண்டும்: இடக்கோடி லேன்காரர் இடதுபுறம் ஒதுங்குவார், மற்ற எல்லா லேன்காரர்களும் வலதுபுறம். செய்யாவிட்டால் 200 யூரோ அபராதம், ஓட்டுநர் பதிவேட்டில் 2 தண்டனைப் புள்ளி, ஒரு மாதம் ஓட்டத் தடை. பெட்ரோல் தீர்ந்து ஓரத்தில் நின்றாலும் அபராதம் உண்டு, அதைத் தவிர்த்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

எண்ணிக்கை பார்த்தால் வயிறு கலங்கும். 2022-ல் ஜெர்மனியில் சாலையில் இறந்தவர்கள் 2,788 பேர். அதே ஆண்டு தமிழ்நாட்டில் மட்டும் 17,884. மக்கள்தொகையில் நாம் அவர்களைவிடக் கொஞ்சம் குறைவு. இந்திய அளவில் இறந்தவர்களில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வாகனக்காரர்கள், எனவே கார்களை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது.

‘ஜெர்மன்காரன் இயல்பிலேயே ஒழுங்கு’ என்கிற பேச்சையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1970-ல் இரண்டு ஜெர்மனியும் சேர்த்து 21,332 பேர் இறந்தார்கள், அன்றைக்கு வண்டிகளே குறைவு. மேற்கு ஜெர்மனியில் 1972-ல் ஊர்ப்புறச் சாலைகளுக்கு 100 கிமீ வரம்பு, 1973-ல் குடிக்கு 0.8 வரம்பு, 1976-ல் முன் சீட்டுக்கு பெல்ட் கட்டாயம் என்று வந்தன. சட்டம் போட்ட பிறகும் பலர் பெல்ட் போடவில்லை. 1984-ல் 40 மார்க் (அன்றைய ஜெர்மன் பணம்) அபராதம் வந்த பிறகுதான் கை தானாக பெல்ட்டுக்குப் போனது.

பிரியா_கோவை

எல்லோருக்கும் மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு கொடுத்தால் கியர் வண்டி ஓட்டலாமா? கிளட்ச் வேலை மிச்சமானால் முன்னுரிமையில் கவனம் வைக்கலாமே என்று பார்க்கிறேன்.

செந்தில்வேலன்

யோசனை நல்லதுதான். ஆனால் வெறும் ஆட்டோமேட்டிக்கில் தேறினால் லைசென்ஸில் 78 என்ற குறியீடு விழும், கியர் வண்டியைத் தொட முடியாது. கியர் வண்டியில் 45 நிமிட வகுப்பு 10 முடித்து, பள்ளியிலேயே 15 நிமிடம் ஓட்டிக் காட்டினால் அதற்குப் பதில் பி197 என்று வரும், இரண்டும் ஓட்டலாம். பள்ளியில் சேரும் அன்றே இதைச் சொல்லிவிடுங்கள். பிறகு கேட்டால் தேதி தள்ளிப்போகும்.