தீப்பிடித்தது லில்லிபுட்டில், மாட்டிக்கொண்டது நான்

2015-இல் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகம் போக ஒரு முழு நாவலும் அப்போது உண்டு. ‘கலிவர்ஸ் டிராவல்ஸ்’, ‘த்ரீ மென் இன் எ போட்’ இரண்டில் ஒன்றைப் பள்ளியே எடுத்துக்கொள்ளலாம். ஸ்டாஃப் ரூமில் டீ ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது: கலிவர். குள்ளர்கள் கதைதானே! எங்களில் ஒருவரும் படம் போட்ட சிறுவர் பதிப்பைத் தாண்டியவர் இல்லை. வாரியம் சொல்லியிருந்ததோ சுருக்காத பதிப்பு.

முதல் பாகம், ஐந்தாம் அத்தியாயம். பையன் ஒருவன் எழுந்து நின்று வாசிக்கிறான். குள்ளர்களின் நாடான லில்லிபுட்டில் அரசியின் மாளிகை எரிகிறது. முந்தின ராத்திரி கலிவர் நிறைய ஒயின் குடித்திருந்தான். மூத்திரம் பெய்தே தீயை அணைத்துவிடுகிறான். வகுப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது.

மறுவாரம் ஓர் அம்மா வந்தார். இரண்டாம் பாகத்தில் அரண்மனைத் தோழிகள் கலிவர் முன்னால் கூச்சமில்லாமல் உடை மாற்றும் பக்கத்தை மடித்து வைத்திருந்தார். “மிஸ், இதை நீங்க படிச்சிட்டுத்தான் குடுத்தீங்களா?”

“அந்தப் பாகத்துக்கு இன்னும் வரலைங்க” என்றேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அந்தச் சனி, ஞாயிறு உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். மூத்திரமெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. “காப்பாத்தினவன் மேலயே ராணிக்கு ஏன் மிஸ் கோபம்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அந்த உதவியே பின்னால் அவன் மேல் ராஜதுரோகக் குற்றச்சாட்டாக வருவதைச் சொன்னேன்; கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்கார்ந்தது. உதைத்தது நாலாம் பாகம்தான். மனிதர்களையே வெறுத்து வீடு திரும்பி, சொந்தப் பெண்டாட்டி பிள்ளைகளின் வாடையையே சகிக்காத கலிவரைப் பதினாலு வயதுப் பிள்ளை என்னவென்று புரிந்துகொள்ளும்? போதாததற்கு 1726-ஆம் வருஷத்து நீள நீளமான வாக்கியங்கள்.

*

டீச்சர், உங்கள் கலிவர் கதையைப் படித்தேன்; நானும் ஆங்கிலம் எடுத்தவள்தான். எங்களுக்குப் பத்தாம் வகுப்பில், நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் டைரி. நாவல் இல்லைதான், சிக்கல் இதேதான். பட்டியலில் ‘1947, சுருக்காத பதிப்பு’ என்று இருந்தது. 1947-இல் வந்ததே அவள் அப்பா ஓட்டோ சில பகுதிகளை எடுத்துவிட்டு வெளியிட்டதுதான்! தன் உடம்பைப் பற்றி அவள் மனம்விட்டு எழுதிய சில பக்கங்கள் 1995-இல் வந்த விரிவான ஆங்கிலப் பதிப்பில் உண்டு. பிள்ளைகள் கடையில் கிடைத்ததை வாங்கி வந்தார்கள். பாதிப் பேரிடம் அந்தப் பக்கங்கள் உண்டு, மீதிப் பேரிடம் இல்லை. இரண்டு நாளில் புத்தகங்கள் கைமாறிவிட்டன. அந்த வருஷம் யாரையும் படி என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

*

நானும் இங்கிலீஷ் டீச்சர்தான். எங்க ஸ்கூல்ல நாங்க சிரிப்புப் புத்தகம்னு நம்பி ‘த்ரீ மென்’ எடுத்தோம். 16-ஆம் அத்தியாயத்தில தேம்ஸ் ஆத்துல ஒரு பொண்ணோட பிணம் மிதந்து வரும். ஏமாந்துபோய், வீட்டாரும் கைவிட்டு, ஆத்துல விழுந்தவ. என் வகுப்புல ஒரு பிள்ளை வீட்டுல அப்பதான் அப்படி ஒரு சாவு. முன்கூட்டியே படிச்சிருந்ததால தெரிஞ்சுது. அவளைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன். “நான் படிச்சிட்டேன் மிஸ், நீங்க நடத்துங்க”ன்னா.