1942 லித்கோ .303 ரைபிள் வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

வயல்காட்டான்:
வணக்கம். நான் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், பெண்டிகோ பக்கம் இருக்கிறேன். அடுத்த பண்ணைப் பெரியவர் தன் அப்பாவுடைய ராணுவ ரைபிளை விற்கிறார். ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலையில் செய்த எஸ்எம்எல்இ (ஷார்ட் மேகசின் லீ-என்ஃபீல்ட்), மார்க் 3 ஸ்டார் என்ற ரகம், 1942 என்று உடலில் பொறித்திருக்கிறது. போர் முடிந்தபின் உபரியாக விற்றபோது நரி சுட வாங்கியதாம், 30 வருடமாக யாரும் சுடவில்லை என்கிறார். எனக்கு பி வகை துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது, இதை வாங்குவதற்கான பெர்மிட்டுக்கும் விண்ணப்பித்துவிட்டேன். கட்டை பளபளவென்று வார்னிஷ் அடித்து அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் குழலுக்குள் பார்த்தால் ஒரே இருட்டு, போல்ட்டில் (குழலின் பின்பக்கத்தை மூடித் திறக்கும் பாகம்) இருக்கும் எண்ணும் உடலில் இருக்கும் எண்ணும் வேறு வேறு. கூடவே ஒரு பெட்டி பழைய ராணுவத் தோட்டாவும் தருகிறாராம். சுவரில் மாட்டி வைக்க இல்லை, ரேஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சுட ஆசை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பழைய இரும்பு:
முதலில் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறைக்குள் விரலை விட்டே காலியா என்று பாருங்கள், 30 வருடம் சும்மா கிடந்தது என்ற பேச்சை நம்பி விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் எண்கள். உடல், போல்ட், குழல், மூக்குத் தொப்பி (குழல் முனையில் உள்ள இரும்பு மூடி), பின் குறியின் அடிப்பக்கம் என்று எல்லா இடத்திலும் ஒரே எண் இருந்தால் சேகரிப்பாளர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள். மூக்குத் தொப்பி மாறியிருப்பதில் ஆபத்து ஒன்றுமில்லை. போல்ட் மாறியிருந்தால் கதை வேறு. இந்தத் துப்பாக்கியில் போல்ட்டைத் தாங்கும் பூட்டுகள் பின்னால் இருக்கின்றன, அவை இரண்டு பக்கமும் சரியாக உட்கார ஆலையில் அந்த உடலுக்கென்றே பொருத்துவார்கள். வேறு துப்பாக்கியின் போல்ட்டைச் செருகினால் ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டுக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, தப்பிப் போகலாம். .303 தோட்டாவுக்கு விளிம்பு உண்டு என்பதால் அளவு அந்த விளிம்பை வைத்துத்தான், ராணுவக் கணக்கில் 0.064 முதல் 0.074 அங்குலம். 0.064 கேஜை (அளவு பார்க்கும் கட்டை) உள்ளே வைத்தால் போல்ட் மூட வேண்டும், 0.074 கேஜில் மூடக் கூடாது. கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுத்தால் பத்து நிமிட வேலை. அது முடியாமல் ஒரு குண்டுகூடச் சுடாதீர்கள், தயவுசெய்து.

நுங்கு:
குழல் இருட்டு என்றதும் விட்டுவிடாதீர்கள் நண்பரே. அந்தக் காலத் தோட்டாவின் ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடித்ததும் ஒருவகை உப்பைக் குழலில் விட்டுப் போகும், அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இழுத்துத் துருவாக்கும். எண்ணெயில் உப்பு கரையாது, அதனால்தான் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கழுவினார்கள். பண்ணையில் யார் ஊற்றியிருக்கப் போகிறார்கள்! முதலில் பிரஷ் போட்டு நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு, விளக்கைப் பின்னால் பிடித்து முன்பக்கத்திலிருந்து பாருங்கள். உள்ளே குண்டைச் சுழலவைக்கும் ஐந்து வரி இடப்பக்கமாகச் சுற்றிப் போகும். வரியின் விளிம்புகள் கூர்மையாகத் தெரிந்தால், பள்ளத்துக்குள் கொஞ்சம் அரிப்பு இருந்தாலும் நன்றாகவே சுடும். என்னிடம் இருப்பதே அப்படித்தான்.

நான் அதிகம் பயப்படுவது குழல் வாய்க்கு. சுத்தம் செய்யும் கயிற்றை ஒரே பக்கமாகச் சாய்த்து இழுத்து இழுத்து, வாய் ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும், அப்படியானால் குறி எங்கேயோ போகும். மருந்தில்லாத டம்மி தோட்டா கிடைத்தால் அதன் மூக்கை வாயில் வைத்துப் பாருங்கள், பித்தளைக் கழுத்துவரை உள்ளே போய்விட்டால் தேய்ந்துபோன குழல். உயிருள்ள தோட்டாவை வைத்துப் பார்க்கக் கூடாது, சொல்லத் தேவையில்லை.

அந்தப் பழைய பெட்டியைச் சுடாமல் அப்படியே வையுங்கள். புதுத் தோட்டா வாங்கிச் சுடுங்கள்.

மரத்தூள்:
எல்லாரும் இரும்பைப் பார்க்கிறீர்கள், எனக்குக் கவலை கட்டைமேல். ராணுவம் வார்னிஷ் அடிக்கவில்லை, ஆளி விதை எண்ணெய்தான் தேய்த்தார்கள். அந்தப் பளபளப்புக்காக மணல்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் முத்திரைகளும் சேர்ந்து போயிருக்கும், அது திரும்பி வராது. முன்கட்டை முழு நீளத்துக்கு இருக்கிறதா? கங்காரு வேட்டைக்காக வெட்டிக் குட்டையாக்கிய லித்கோக்கள் ஏராளம்.

கழற்றிப் பார்ப்பதாக இருந்தால் இதை மட்டும் மறக்காதீர்கள்: முன்கட்டையை எடுக்கும் முன் பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீளமான திருகாணியைத் திருகவே கூடாது. அதன் சதுர முனை முன்கட்டையின் பின்முனையில் இருக்கும் தகட்டுக்குள் மாட்டியிருக்கும், திருப்பினால் மரம் பிளந்துவிடும். நல்ல துப்பாக்கிகள் இப்படியே பாழாகியிருக்கின்றன, பார்க்கவே வயிறு எரியும். முன்கட்டை வெளியே வந்ததும் உடல் வந்து முட்டும் இடத்தைப் பாருங்கள். லித்கோ கோச்வுட் மரம் மென்மையானது என்பதால் அங்கே செப்புத் தகடு பதித்தார்கள். தகடு ஆடுகிறதா, சுற்றி விரிசல் ஓடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வயல்காட்டான்:
எல்லாருக்கும் நன்றி. பெரியவரும் நானும் சேர்ந்து நேற்று கன்ஸ்மித்திடம் கொண்டுபோனோம். 0.064இல் போல்ட் மூடியது, 0.074இல் மூடவில்லை. மாறிய போல்ட்டாக இருந்தாலும் இரண்டு பூட்டும் சரியாகத் தாங்குகின்றன, யாரோ தெரிந்தவர்தான் பொருத்தியிருக்கிறார் என்றார். குழலிலிருந்து நான்கு துணி நிறைய சிவப்பாகவே வந்தது, அதற்கப்புறம் ஐந்து வரியும் தெரிந்தன, பள்ளத்தில் புள்ளி புள்ளியாக அரிப்பு. வாய் உருண்டையாகவே இருக்கிறது.

முன்கட்டை முழுசு. உள்ளே செப்புத் தகடு இரண்டும் அசையவில்லை, உட்பக்கத்தில் ஸ்லாஸ் என்ற முத்திரை. டென்னிஸ் மட்டை செய்யும் ஸ்லாசெஞ்சர்தான் போர்க்காலத்தில் கட்டை செய்து கொடுத்தார்களாம். வெளியே இருந்த முத்திரைகள் மட்டும் மரத்தூள் சொன்ன மாதிரியே தேய்ந்து போய்விட்டன. வார்னிஷ் அடித்தது தான்தான், விற்பதற்காகப் போன மாதம் அடித்தேன் என்று பெரியவர் வருத்தப்பட்டு, கேட்ட விலையில் கொஞ்சம் குறைத்தார். பெர்மிட் வந்ததும் எடுக்கிறேன். அந்த வார்னிஷை மரத்துக்குச் சேதமில்லாமல் எடுக்க வழி இருக்கிறதா?

மரத்தூள்:
இருக்கிறது. வார்னிஷ் கரைக்கும் திரவத்தைத் தடவி, ஊறியதும் துணியால் துடைத்தெடுங்கள், மணல்தாள் கிட்டவே வரக் கூடாது. காய்ந்தபின் ஆளி விதை எண்ணெயை மெல்லியதாக, ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. தேய்த்த துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.