2006 ஜிப்ஸி கிங்: 1.4 லட்சம் செலவழித்துச் சரிசெய்வதா, ஜிம்னிக்கு மாறுவதா?

மிளகுக்கொடி (கேட்பவர்)

வணக்கம். என்னிடம் இருப்பது 2006 மாடல் மாருதி ஜிப்ஸி கிங், எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின், ஹார்ட் டாப். வீடு வத்தலக்குண்டு. தோட்டம் தாண்டிக்குடிக்கு அந்தப் பக்கம். காப்பி, ஊடே மிளகு. சித்தரேவு, பெரும்பாறை வழியாக ஏறும் தார் ரோட்டில் எந்தக் காரும் போகும். அதற்கப்புறம் தோட்டத்துக்குள் ஒன்றரை கிலோமீட்டர் மண்பாதை, ஒரு பக்கம் கல்கட்டு, மறுபக்கம் சரிவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணும் சில்வர் ஓக் சருகும் சேர்ந்து சோப்புப் போட்டதுபோல் ஆகிவிடும். பழம் பறிப்பு தொடங்குவதும் அந்தச் சமயத்தில்தான். மழை விடட்டும் என்று வீட்டில் உட்கார முடியாது.

வண்டியில் இப்போது உள்ள தொல்லைகள்: 50, 60 வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஸ்டீயரிங் கைக்கு அடங்காமல் ஆடுகிறது. வேகத்தை 30க்குக் குறைத்தால்தான் நிற்கும். 4எல் (நான்கு சக்கரமும் இழுக்கும் லோ ரேஞ்ச்) போட்டு ஏறும்போது நடு மேட்டில் லீவர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. எனக்கு அதிகப் பயம் இதில்தான். முன் இடது சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் ஒழுகுகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வரும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அப்புறம் துரு, அங்கங்கே.

பக்கத்து ஊர் ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும், மற்ற வேலையும் சேர்த்து 1,40,000 ஆகும் என்றார்கள். அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டிப் புது மாருதி ஜிம்னி எடுத்துவிடலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள். மகள் ஏழாவது படிக்கிறாள். பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் உட்கார்ந்துதான் வருகிறாள், ஏர்பேக் என்ற பேச்சே இந்த வண்டியில் கிடையாது. வீட்டுக்காரியின் கவலை அதுதான், நியாயமான கவலை. ஆகஸ்ட்டோடு ஆர்.சி.யும் முடிகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ரேடியேட்டர் ராசு

விற்காதீர்கள் சார், விற்றால் இதுபோல் இன்னொன்று கிடைக்காது. 1985 இல் வந்த டிசைன், ராணுவமே இத்தனை காலம் ஓட்டிய வண்டி. இப்போது வருவதெல்லாம் சென்சார் பெட்டிகள்.

வடகரை

ராணுவத்துக்குச் சொந்த ஒர்க்‌ஷாப்பும் சம்பளத்துக்கு மெக்கானிக்கும் உண்டு. இவருக்கு இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். பாசத்தை வைத்து முடிவெடுக்கச் சொல்லாதீர்கள். மஹிந்திராவின் புது தார் (Thar) 4x4 டீசலைப் பாருங்கள் நண்பரே. 130 குதிரைத்திறன், குளோபல் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் 4 நட்சத்திரம், 226 மிமீ கிரவுண்ட் கிளியரன்ஸ். குடும்பத்துக்கும் ஆகும், தோட்டத்துக்கும் ஆகும்.

மிளகுக்கொடி

தாரை யோசிக்காமல் இல்லை. கல்கட்டு திரும்பும் முனையில் டேப் வைத்து அளந்தேன், ஆறேகால் அடிதான் இருக்கிறது. தார் 1,820 மிமீ அகலம், அதாவது ஆறடிக்குச் சற்றுக் குறைவு. கண்ணாடியை மடக்கினாலும் இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று, நான்கு அங்குலம்தான் மிஞ்சும். மழையில் அந்த முனையில் வண்டி ஒரு சாண் வழுக்கித்தான் திரும்பும். கல்கட்டை இடித்துக் கட்டினால் பக்கத்துத் தோட்டக்காரரோடு தகராறு.

ஸ்பானர் 14

தம்பி, நான் முப்பது வருடமாக ஜீப்பும் ஜிப்ஸியும் பார்க்கிறவன். வாங்குவது, விற்பது எல்லாம் பிறகு. நீங்கள் சொன்ன நான்கு தொல்லைக்கும் எஞ்சினை இறக்கும் வேலைக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

புகையில் தொடங்குகிறேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் நீலமாகப் புகைத்துவிட்டு அடங்கினால் பெரும்பாலும் வால்வ் சீல். எண்ணெய் வால்வ் தண்டு வழியாக இறங்கி நிற்கும், ஸ்டார்ட் செய்ததும் எரிந்து போகும். பிஸ்டன் ரிங் போயிருந்தால் மேடேறும்போது, ஆக்ஸிலரேட்டரை அமுக்கும்போதெல்லாம் புகைக்கும். கம்ப்ரஷன் கேஜ் போட்டு நான்கு சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று குறைவாகக் காட்டினால் அதில் ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். இந்தச் சோதனையைச் செய்யாமல் எஞ்சினை இறக்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். இன்னொன்று, அந்த 1.3 எஞ்சின் எஸ்டீமிலும் பழைய 1.3 ஸ்விஃப்ட்டிலும் இருந்த அதே ஜி13பிபி குடும்பம்தான். எஞ்சின் சாமானுக்கு இன்றைக்கும் அலைய வேண்டியதில்லை. அலைய வேண்டியது ஆக்ஸில் சாமானுக்கு.

4எல் கழன்று வருவதற்கு வருவோம். ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி, கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட், அப்புறம் மூன்று ரப்பர் மவுண்ட்டில் தனியாகத் தொங்கும். ஒரு மவுண்ட் கிழிந்தாலும் மேட்டில் பாரம் ஏறும்போது பெட்டி முழுக்கச் சாய்ந்து லீவரைத் தள்ளிவிடும். ஒருவரை உள்ளே உட்காரவைத்து, பிரேக்கை இறுக்கி மிதித்துக்கொண்டு லோவில் முதல் கியர் போட்டு, கிளட்சை லேசாக விடச் சொல்லுங்கள். சமதரையில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து. பக்கவாட்டில் எட்ட நின்று டார்ச் அடித்துப் பாருங்கள், வண்டிக்கு அடியில் போகாதீர்கள். பெட்டி துள்ளினால் மவுண்ட். துள்ளாமல் லீவர் மட்டும் வந்தால் உள்ளே ஷிஃப்ட் ஃபோர்க், லாக் பால் ஸ்பிரிங் தேய்ந்திருக்கும். அதற்குப் பிரித்தாக வேண்டும்.

ஸ்டீயரிங் ஆட்டத்துக்கு டாம்பர் (அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மாற்றச் சொல்வார்கள். மாற்றினால் மூன்று மாதம் ஆட்டம் மறைந்திருக்கும், நோய் போகாது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் கொடுத்து, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்தும் ஆடினால் கிங்பின் பேரிங், அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்பும் அச்சின் பேரிங். பக்கவாட்டில் ஆடினால் டை ராட் எண்ட். கிங்பின்னைப் பிரிக்கும்போதே நக்கிள் சீலையும் ஆக்ஸிலின் உள் சீலையும் மாற்றிவிட்டால் ஒழுகலும் சேர்ந்து நிற்கும். அது வெறும் கிரீஸ் இல்லை, டிஃபரன்ஷியல் (ஆக்ஸில் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) எண்ணெய் வெளியே வந்து கிரீஸைக் கரைக்கிறது. டிஃபரன்ஷியலில் எண்ணெய் மட்டத்தை உடனே பாருங்கள், பிரேக் டிஸ்க்கில் பட்டிருக்கிறதா என்பதையும்.

இதெல்லாம் ஒரு பக்கம். சேஸிஸ்தான் முடிவு சொல்லும். பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம், பாடி மவுண்ட், பின் சக்கரத்துக்கு மேலே வளையும் பகுதி, இங்கெல்லாம் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் சுரண்டிவிட்டுக் குத்துங்கள். சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் துரு தின்றிருந்தால் மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள், விற்றுவிடுங்கள்.

குன்னூர்க்காரி

ஐந்து கதவு ஜிம்னி வைத்திருக்கிறேன், 2023 இல் வந்த புதிதில் எடுத்தது. எங்கள் எஸ்டேட் பாதையிலும் மழைக்காலம் முழுக்க ஓடுகிறது. உங்கள் முனையில் தாராளமாகத் திரும்பும், அகலம் 1,645 மிமீதான். லோ ரேஞ்ச் உண்டு, ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றினால் பிரேக்கே அதைப் பிடித்து மற்றதற்கு விசை கொடுக்கும். இறக்கத்தில் ஹில் டிசென்ட் போட்டால் வண்டியே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடலாம். ஆறு ஏர்பேக், வண்டி வழுக்கினால் நிலைப்படுத்தும் ஈ.எஸ்.பி. எல்லா மாடலிலும் வருகிறது. உங்கள் மகளுக்காகக் கேட்கிறீர்கள் என்றால் நான் வேறு எதையும் பார்க்கமாட்டேன்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். வீல்பேஸ் 2,590 மிமீ, ஜிப்ஸியைவிட இருநூறு மிமீக்கு மேல் நீளம். கூர்மையான மேட்டின் உச்சியில் வயிறு தட்டும். பின் சீட்டை மடக்காவிட்டால் இரண்டு மூட்டைகூட வைக்க இடமில்லை. பெட்ரோல் மட்டும்தான். வாங்கின முதல் கல்கட்டு உரசலுக்கு நான் அழாத குறை, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிளகுக்கொடி

அக்கா, நன்றி. மூட்டை விஷயம் யோசிக்க வேண்டியதுதான், எனக்கு உரமும் பழமும் மாறி மாறி ஏறும். அண்ணே, நீங்கள் சொன்னபடி எல்லாம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

படிவம் 25

பணக் கணக்கு மட்டும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை உள்ள காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். 12 லட்ச ரூபாய் வண்டி என்றால் வரி மட்டுமே 2,16,000. உங்கள் ரிப்பேர் செலவைவிட அதிகம். இதைச் சேர்க்காமல் யாரும் ஒப்பிட வேண்டாம்.

பழைய வண்டிக்கு: 15 ஆண்டைத் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000, 20 ஆண்டைத் தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்ட்டில் உயர்த்திவிட்டார்கள். பசுமை வரி தனி. காலாவதி ஆவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் அபராதம் ஏறும். டீசல் 10, பெட்ரோல் 15 ஆண்டு என்பது டெல்லி சமாச்சாரம், இங்கே அந்த விதி கிடையாது. முன்னால் இரும்பு பம்பர் கார்டு இருந்தால் கழற்றிவிட்டு இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போங்கள். இவ்வளவு பழைய வண்டிக்கு முழுக் காப்பீடு கொடுக்கப் பெரும்பாலான கம்பெனிகள் தயங்கும், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் உருண்டால் நஷ்டம் உங்களுடையது.

மிளகுக்கொடி

பார்த்தாயிற்று. கம்ப்ரஷன் நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு, குறை இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் பெட்டி துள்ளுகிறது; ஒரு மவுண்ட்டின் ரப்பர் முழுசாகப் பிரிந்து கிடக்கிறது. சக்கரம் பிரேக்கை மிதித்தும் ஆடுகிறது, இரண்டு பக்கமும். சேஸிஸ் முன்பக்கம் கணீரென்று இருக்கிறது, எண் பொறித்த இடம் சுத்தம். ஆனால் வலது பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போய்விட்டது. உள்ளங்கை அளவுக்கு மெலிந்திருக்கிறது. இதற்கு மேல் தேறுமா அண்ணே?

ஸ்பானர் 14

ஒரே இடம், உள்ளங்கை அளவு என்றால் தேறும். துருவின் மேலேயே பட்டை வைத்து ஒட்டுகிற வேலை வேண்டாம். நல்ல இரும்பு வரும்வரை அறுத்தெடுத்துவிட்டு, அதே கனத்தில் தகடு மடித்து வெல்டிங் செய்ய வேண்டும். சேஸிஸ் பாக்ஸுக்குள் அடைந்த மண்ணைக் கழுவி, தண்ணீர் வடியும் துளைகளைத் திறந்துவிடச் சொல்லுங்கள். அடைபட்ட மண்தான் இத்தனைக்கும் காரணம். ஜிப்ஸியில் பெட்ரோல் டேங்க் பின்னால் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. டேங்க்கைக் கழற்றாமல் வெல்டிங் ராடை எடுக்க விடாதீர்கள். பேட்டரி ஒயரையும் ஈ.சி.எம். (எஞ்சினின் கம்ப்யூட்டர்) இணைப்பையும் கழற்றுங்கள். டேங்க் கழன்றிருக்கும்போதே பழைய பெட்ரோல் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள், இப்போது வரும் இ20 (எத்தனால் கலந்த) பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பரைத் தின்கிறது.

மவுண்ட், கிங்பின் கிட், சீல்கள், வால்வ் சீல், வெல்டிங் எல்லாம் சேர்த்து என் கணக்கில் 50,000க்குள் முடிய வேண்டும். கிங்பின் கிட் மதுரையில் கிடைக்காவிட்டால் கோவையில் கேளுங்கள். அங்கேயும் இல்லையென்றால் டெல்லி காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையிலிருந்து பார்சலில் வரும். சென்னை புதுப்பேட்டையில் பழைய பேரிங் மலிவாகத் தருவார்கள், அதை மட்டும் வாங்காதீர்கள்.

ஆனால் ஒன்று தம்பி. இவ்வளவு செய்தாலும் அது தோட்ட வண்டிதான். பிள்ளையை பெஞ்சில் உட்காரவைத்து மதுரை நான்குவழிச் சாலையில் 80இல் ஓட்டுவதற்கு எந்த ரிப்பேரும் உதவாது.

மிளகுக்கொடி

அதுவே எங்கள் வீட்டிலும் முடிவானது. ஜிப்ஸியைச் சரிசெய்து தோட்டத்துக்கு மட்டும். ஊருக்குப் போய்வர ஏ.பி.எஸ்., ஏர்பேக் உள்ள பழைய ஹேட்ச்பேக் ஒன்று பார்க்கிறோம், ஐந்து லட்சத்துக்குள்.

குன்னூர்க்காரி

எனக்கு இதில் முழு சம்மதம் இல்லை தம்பி. இரண்டு காப்பீடு, இரண்டு சர்வீஸ், இரண்டு வண்டி நிறுத்த இடம். அவசரத்துக்கு எடுக்கும்போது கையில் கிடைப்பது ஜிப்ஸி சாவியாகத்தான் இருக்கும், பிள்ளையும் அதில்தான் ஏறும். எங்கள் வீட்டில் பழைய ஜீப்பை விற்றதே இதனால்தான்.

மிளகுக்கொடி

அந்தப் பயம் இருக்கிறது அக்கா. பின் பெஞ்சையே கழற்றி வைத்துவிடலாம் என்று வீட்டுக்காரி சொல்கிறார், மூட்டைக்கும் இடமாகும். ஆர்.சி. இன்ஸ்பெக்‌ஷன் முடியும்வரை பெஞ்ச் இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

படிவம் 25

கழற்றுவதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை எழுதியிருக்கும்.

மிளகுக்கொடி

சரி, கேட்கிறேன். அண்ணே, கடைசியாக ஒன்று. டயரும் தேய்ந்துவிட்டது. மழைக்கு முன்னால் மட் டெரைன் (சேற்றுக்கான பெரிய பட்டன் டயர்) போடலாமா? இப்போதே வாங்கினால் கடையில் நல்ல விலைக்குத் தருகிறேன் என்கிறார்.

ஸ்பானர் 14

கிங்பின் வேலையும் வீல் அலைன்மென்ட்டும் முடிகிறவரை டயர் கடைப் பக்கம் போகாதீர்கள். இந்த ஆட்டத்தோடு புது டயர் போட்டால் மழை வருவதற்குள் ஓரம் போய்விடும். அப்புறமும் கம்பெனி அளவிலேயே வாங்குங்கள்; பெரிய டயர் இன்ஸ்பெக்‌ஷனில் இடிக்கும், உங்கள் புது கிங்பின்னையும் சீக்கிரம் தின்றுவிடும்.