ஸ்காபுறோவை விட்டு ஏஜாக்ஸ் போனாக்கள் ஒருக்கா உண்மையைச் சொல்லுங்கோ

மோர்னிங்சைட்காரி:
வணக்கம். பன்னிரண்டு வருசமா ரொறன்ரோ சிற்றிக்குள்ள, ஸ்காபுறோவில வாடகைக்கு இருக்கிறம். இவருக்கு டவுன்டவுனில வேலை, எனக்கு பாதி நாள் வீட்டில இருந்தே வேலை, பிள்ளையள் ரெண்டு, கூட எங்கட அம்மா. இப்ப வீடு வாங்குவம் எண்டு வெளிக்கிட்டா இஞ்சத்த காசுக்கு, ரொறன்ரோவுக்குக் கிழக்க இருக்கிற ஏஜாக்ஸில ஒரு அறை கூடின வீடு வருது, இவர் போன கிழமை போய்ப் பார்த்திட்டு வந்ததில இருந்து ஒரே அந்தக் கதைதான், பின் வளவு பெரிசாம், ரெண்டு கார் விடலாமாம், பக்கத்தில ஒரு பார்க் இருக்காம். எனக்கு யோசினை முழுக்க அம்மாவைப் பற்றித்தான். இஞ்ச அவ தன்ர பாட்டில பஸ் ஏறிக் கோயிலுக்குப் போவா, மருந்துக்கடையில தமிழில கதைச்சு குளிசை எடுத்திட்டு வருவா. அங்க போய் வீட்டுக்கையே அடைஞ்சு போவாவோ? எங்கட ஆக்கள் இருக்கினமோ? பள்ளிக்கூடம் எப்பிடி? ரியல் எஸ்டேட் செய்யிறாக்கள் தயவுசெய்து மெசேஜ் போடாதேங்கோ.

ஹார்வுட்_அண்ணை:
தங்கச்சி, நாங்கள் 2004இல வந்தனாங்கள், அப்ப எங்கட வீட்டுக்குப் பின்னால வெறும் வயல். 2001 குடிசன மதிப்பீட்டில 73,753 பேர், 2021இல 126,666. அந்த வயலுக்கு என்ன நடந்திருக்கும் எண்டு நீங்களே யோசியுங்கோ.

காசுக் கணக்கில ஆக்கள் ஒண்டை மறந்திடுவினம். ரொறன்ரோ எல்லைக்குள்ள வாங்கினா லான்ட் ட்ரான்ஸ்பர் ராக்ஸ், அதுதான் வீடு வாங்கேக்க கட்டுற வரி, ரெண்டு தரம், மாகாணத்துக்கு ஒண்டு சிற்றிக்கு ஒண்டு. 8 லட்சம் டொலர் வீடெண்டா மாகாணத்துக்கு 12,475, ரொறன்ரோவில அதேயளவு திருப்பியும் கட்டோணும், இஞ்ச அந்த ரெண்டாவது இல்லை. முதல் வீடு வாங்கிறாக்களுக்குக் கழிவும் இருக்கு. ஆனா உடன சந்தோசப்படாதேங்கோ, வருசாவருசம் கட்டுற வீட்டுவரி வீதம் இஞ்ச ரொறன்ரோவைவிடக் கூட, மிச்சம் பிடிச்சது மெல்ல மெல்ல அதுக்கை போயிடும்.

எங்கட ஆக்கள் தாராளமா இருக்கினம். எங்கட ஆக்கள் மட்டுமில்லை, எல்லாரும். ஊரின்ர பேரே ஒரு போர்க்கப்பலின்ர பேர் தெரியுமோ, 1941இல குண்டு நிரப்புற பக்டரிக்காக உண்டான இடம் இது, 1939 டிசம்பரில ஜேர்மன் கப்பலோட சண்டை பிடிச்ச ஏஜாக்ஸின்ர பேரை வைச்சவங்கள், இஞ்ச ஹார்வுட் ரோட்டுக்கு வைச்சது அந்தச் சண்டைக்குப் போன தளபதியின்ர பேர். கன ரோட்டுக்கு மாலுமிமாரின்ர பேர். எங்கட ரோட்டில ஒரு வயசான வெள்ளை ஐயா இருந்தவர், நாங்கள் வந்த புதுசில "ஊர் மாறிப் போச்சு" எண்டு முறைச்சுக்கொண்டு திரிவார், பேந்து கேட்டா அவற்ற அம்மாவே அந்த பக்டரிக்கு எங்கையோ தூரத்தில இருந்து வேலைக்கு வந்தவவாம்!

வடக்கு_ஏஜாக்ஸ்_மதுரை:
அக்கா, நாங்க இங்க வந்து மூணு வருஷம் ஆச்சு. எங்க வரிசையில இடது பக்கம் கயானா, வலது பக்கம் பாகிஸ்தான், எதிர்ல நைஜீரியா குடும்பம். மொத வருஷம் யாரும் யாரோடயும் பேசல, உண்மைய சொல்றேன், கராஜ் கதவு தொறக்கும் கார் உள்ள போகும் கதவு மூடும் அவ்ளோதான். பழக்கமானதே பனி அள்ளும்போதுதான். டவுன்காரன் வண்டி தெருவ வழிச்சுட்டுப் போகும்போது நம்ம டிரைவ்வே வாசல்ல வரப்பு மாதிரி ஒண்ணு கட்டிட்டுப் போயிடும், அது கல்லு மாதிரி இறுகிடும், ஒருநாள் காலைல ஆறு மணிக்கு நான் அத குத்திட்டு நிக்கிறத பாத்து எதிர்வீட்டுக்காரர் கடப்பாறையோட வந்தாரு. அன்னையில இருந்து எங்க ரெண்டு வீட்டுக்கும் ஒரே கடப்பாறை.

ஸ்கூல் நல்லாத்தான் இருக்கு, ஆனா பசங்க எண்ணிக்கை கட்டிடத்த மிஞ்சிடுச்சு, என் பொண்ணு ரெண்டாவது வருஷமா போர்ட்டபிள் கேபின்லதான் படிக்கிறா, பாத்ரூம் போகணும்னா கோட்டு மாட்டிட்டு மெயின் பில்டிங்குக்கு ஓடணும். இன்னொண்ணு, பிக்கறிங் அணுமின் நிலையம் பக்கம். பத்து கிலோமீட்டருக்குள்ள இருக்குற வீட்டுக்கெல்லாம் அணு விபத்து நடந்தா போட்டுக்கிற அயோடைட் மாத்திரை இலவசம், எங்க வீட்டுல அது கிச்சன் டிராயர்ல கெடக்கு.

ஹார்வுட்_அண்ணை:
அதை ஏன் ஞாபகப்படுத்துறீர் தம்பி. 2020 ஜனவரி 12 ஞாயிறு விடியக்காலமை எல்லாற்ற போனும் அலறினது, பிக்கறிங்கில ஏதோ நடந்ததாம் எண்டு. பிழையா அனுப்பினது எண்டு பேந்து சொன்னவங்கள், அதுக்கிடையில எங்கட ஆள் பாஸ்போட்டுகளை எடுத்து பையில வைச்சாச்சு.

திரும்பி_வந்தனான்:
எல்லாரும் நல்லதையே சொல்லுறியள், நான் சொல்லுறன் மற்றதை. 2019இல போனனாங்கள், நாலு வருசத்தில திரும்பி ஸ்காபுறோ வந்திட்டம். அங்க ஒரு கார் காணாது, ரெண்டாவது காரோட இன்சூரன்ஸ், பெற்றோல், வீட்டில மிச்சம் பிடிச்ச காசு அங்கயே போச்சு. 401 ஹைவே பின்னேரத்தில எவ்வளவு நெரிசல் எண்டு உங்களுக்குத் தெரியும். காசு கட்டி ஓடுற 407 ஹைவேயில கிழக்குத் துண்டுக்கு 2025 ஜூன் 1இல இருந்து காசில்லை எண்டு பெரிசாச் சொல்லுவாங்கள், அது பிக்கறிங் ப்ரொக் ரோட்டுக்குக் கிழக்க மட்டும்தான் அக்கா, வேலைக்குப் போற மேற்குப் பக்கம் வழமைபோலக் காசு.

எல்லாத்தையும் விட அப்பா. இஞ்ச ஒரு நாளைக்கு அஞ்சு பேரோட கதைக்கிற மனிசன் அங்க ஜன்னலடியில கதிரையைப் போட்டுக்கொண்டு ரோட்டில போற காரை எண்ணத் தொடங்கினார். நான் வேலையால வந்தோடன "இண்டைக்கு நாப்பத்தொண்டு" எண்டுவார். முதல் பகிடி எண்டு நினைச்சன். உங்கட அம்மாவைக் கேட்டனீங்களோ?

கயல்விழி_தெற்கு:
திரும்பி வந்தவர் சொல்லுறது சரி, ஆனா வீடு எங்க எண்டதில எல்லாம் இருக்கு. வடக்கில புது வீடு வடிவா இருக்கும், பஸ் தரிப்புக்கு நடக்கேக்க கால் விறைக்கும். நாங்கள் வேணுமெண்டே ஹைவே 2க்குக் கிட்ட பழைய வீடு எடுத்தனாங்கள், குசினி சின்னன், பேஸ்மென்ற் மணக்கும், ஆனா 900 பஸ் அஞ்சு நிமிச நடை. அது நேர ரொறன்ரோ யூனிவேர்சிற்றியின்ர ஸ்காபுறோ கம்பஸ் பக்கம் கொண்டுபோய் விடும். முந்தி எங்கட பக்கத்து டுர்ஹம் பஸ்ஸுக்கு வேற, ரொறன்ரோ பஸ்ஸுக்கு வேற காசு, 2024 பெப்ரவரி 26இல இருந்து ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள மாறினா ரெண்டாவதுக்குக் காசில்லை, பஸ் காசு கட்டுற பிரெஸ்ரோ காட்டைத் தட்டினாச் சரி. என்ர அம்மாவுக்கு அதைத் தட்டப் பழக்க ஒரு மாசம் பிடிச்சது.

அவவுக்கு ஆள் கிடைச்சது பக்கத்து வீட்டு ஜமேக்கா அம்மா. ஒரு நாள் அவ வேலிக்கு மேலால ஒரு கட்டுக் கீரை நீட்டினா, கலலூவாம். அம்மா வாங்கி மணந்து பார்த்திட்டு "இது எங்கட கீரையெல்லோ" எண்டு சிரிச்சா. அதே இனம்தான். இப்ப ரெண்டு பேரும் விதை மாத்தினம், ஒருத்திக்கு இங்கிலிஸ் அரைகுறை மற்றவவுக்குத் தமிழ் சுத்தமாத் தெரியாது, எப்பிடித்தான் ஒரு மணித்தியாலம் நிண்டு கதைக்கினமோ தெரியாது.

மோர்னிங்சைட்காரி:
எல்லாருக்கும் நன்றி. அம்மாவைக் கேக்கவே இல்லை, வெக்கமாக் கிடக்கு. இண்டைக்கு அவவைக் கூட்டிக்கொண்டு காரை விட்டிட்டு பஸ்ஸிலயே போய் வந்தனான். கம்பஸடியில 900க்கு நிக்கேக்க காத்து வெட்டினது, ஒண்டும் சொல்லேல்லை. ஹார்வுட்டில இறங்கி ஒரு சுத்து நடந்தம். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேக்கேல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இந்த பஸ் ஓடுமோ எண்டு மட்டும் ரெண்டு தரம் கேட்டவ.

கயல்விழி_தெற்கு:
ஓடும். ஞாயிறில கொஞ்சம் பாத்துக்கொண்டு நிக்கோணும், நல்ல சப்பாத்து வாங்கிக் குடுங்கோ.