ஆறு மாதமாக க்ளிக் பண்ணாதவர்களை லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிடலாமா?

புதுநிரல்:
ஒரு மென்பொருள் சேவைக்காக வாரம் ஒரு மார்க்கெட்டிங் மெயில் போகிறது. லிஸ்ட்டில் 50,000 முகவரிகள். கடந்த 180 நாளில் ஒரு லிங்க்கையாவது க்ளிக் செய்தவர்கள் 20,000 பேர். மீதி 30,000 பேரிடமிருந்து எந்த அசைவும் இல்லை. ஓபன் ரேட் நன்றாகத்தான் தெரிகிறது. க்ளிக் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. இந்த 30,000 பேரை எடுத்துவிடுவதா, மெயிலை மாற்றுவதா? இரண்டு பக்க வாதமும் வேண்டும்.

தபால்காரன்:
எடுத்துவிடுங்கள். அசையாத 30,000 பேருக்கு அனுப்புகிற ஒவ்வொரு வாரமும், அசைகிற 20,000 பேரின் இன்பாக்ஸில் உங்கள் இடம் பறிபோகிறது.

ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு விதிகளைக் கட்டாயமாக்கிவிட்டன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்பினால் மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் (முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று சரிபார்ப்புகளும் இருக்க வேண்டும், ஒரே தட்டில் விலகும் வசதி இருக்க வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. 0.1 சதவீதத்துக்குக் கீழே வைத்திருங்கள் என்பதுதான் கூகுளின் அறிவுரை. அதாவது ஆயிரம் மெயிலுக்கு ஒரு புகார் வந்தாலே எல்லைக்கு வந்துவிட்டீர்கள்.

அந்தப் புகாரைக் கொடுப்பவர் யார்? போன வாரம் க்ளிக் செய்தவர் இல்லை. எப்போது பதிவு செய்தோம் என்பதையே மறந்துபோனவர். அடியில் இருக்கும் அன்சப்ஸ்கிரைப் லிங்க்கை அவர் தேடமாட்டார். ஸ்பேம் பட்டன் மேலேயே இருக்கிறது.

இன்னொன்று: இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கிவிட்டது. அந்த முகவரிகளுக்கு அனுப்பியது 550 5.1.1, அதாவது இப்படி ஒரு முகவரியே இல்லை, என்ற பிழையோடு திரும்பி வரும். அப்படித் திரும்பியதை உடனே எடுக்காமல் திரும்பத் திரும்ப அனுப்பினால், லிஸ்ட்டைக் கவனிக்காதவர் என்ற பெயர் உங்கள் டொமைனுக்கு ஒட்டிக்கொள்ளும். சில மெயில் நிறுவனங்கள் கைவிடப்பட்ட பழைய முகவரிகளைப் பொறியாகவும் வைத்திருக்கின்றன. அதில் மாட்டினால் மீள்வது கடினம்.

வாசகர்பக்கம்:
தபால்காரன் சொன்ன விதிகளில் எனக்கு மறுப்பு இல்லை. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவில்தான் மறுப்பு. க்ளிக் செய்யாதவர் படிக்காதவர் என்ற சமன்பாடு தவறு. "சனிக்கிழமை இரவு சேவை நிற்கும்" என்று சப்ஜெக்ட் லைனிலேயே இருந்தால், மெயிலைத் திறக்காமலே விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. மெயிலைப் படித்துவிட்டு நேரே பிரவுசரில் முகவரியைத் தட்டி உள்ளே போகிறவர்களும் உண்டு. இவர்கள் எல்லாரும் உங்கள் கணக்கில் "அசையாதவர்கள்".

ஓபன் ரேட் நன்றாகத் தெரிகிறது என்கிறீர்கள். 2021 செப்டம்பரில் ஐஃபோனின் ஐஓஎஸ் 15-உடன் ஆப்பிள் மெயில் ஆப்புக்கு வந்த மெயில் பிரைவசி புரொடெக்‌ஷன், வாசகர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை ஆப்பிளின் சர்வர் வழியாக முன்கூட்டியே இறக்கி வைத்துவிடும். யார் திறந்தார் என்று அறிய நீங்கள் வைத்திருக்கும் கண்காணிப்புப் படமும் அதோடு இறங்கும், ஓபன் என்று பதிவாகும். ஜிமெயில் கணக்கையே ஆப்பிள் மெயில் ஆப்பில் படிப்பவருக்கும் இதே கதைதான். மறுபக்கம், படங்களை முடக்கி வைத்திருப்பவர் முழுசாகப் படித்தாலும் ஓபன் பதிவாகாது. இரண்டு திசையிலும் பொய் சொல்கிற எண் அது.

க்ளிக்கும் சுத்தமானதில்லை. அலுவலக மெயில்களில் பாதுகாப்பு ஸ்கேனர்கள் எல்லா லிங்க்கையும் தாமே திறந்து பார்க்கும். மெயில் போய்ச் சேர்ந்த சில நொடிகளுக்குள் அடிக்குறிப்பு வரை எல்லா லிங்க்கும் ஒன்றாக க்ளிக் ஆகியிருந்தால் அது மனிதர் இல்லை. உங்கள் 20,000-ல் அப்படி எத்தனை என்று முதலில் வடிகட்டுங்கள். அப்புறம் கடைசியாக அனுப்பிய மெயில் எப்படி இருந்தது என்று இங்கே சொல்லுங்கள். நோய் அங்கே இருக்கலாம்.

புதுநிரல்:
அனுப்புநர் பெயர்: ஒரு மாதம் நிறுவனத்தின் பெயர், மறு மாதம் "வாடிக்கையாளர் குழு". பதில் அனுப்ப முடியாத முகவரி.
சப்ஜெக்ட்: "எங்கள் மார்ச் மாதச் செய்திமடல்".
இன்பாக்ஸ் பட்டியலில் அதற்கடுத்துத் தெரியும் வரி: "இந்த மெயில் சரியாகத் தெரியவில்லையா? பிரவுசரில் பாருங்கள்".
உள்ளே முழு அகலத்துக்கு ஒரு பேனர் படம், அதற்குள்ளேயே தலைப்பும் பட்டனும். கீழே ஏழு பகுதிகள், ஒவ்வொன்றிலும் "மேலும் அறிய". எச்டிஎம்எல் அளவு 130 கேபி.

வாசகர்பக்கம்:
நன்றி. இப்போது பேசலாம்.

ஃபோன் திரையில் சப்ஜெக்ட்டின் முதல் நான்கைந்து சொற்கள்தான் தெரியும். உங்கள் முதல் மூன்று சொற்களில் வாசகருக்கு உரியது எதுவுமே இல்லை. அந்த ஏழு பகுதிகளில் வாசகருக்கு அதிகம் பயன்படுவது எது? உதாரணத்துக்கு, இன்வாய்ஸை மொபைலிலிருந்தே அனுப்பும் வசதி என்று வைத்துக்கொள்வோம். "இன்வாய்ஸை இனி மொபைலிலிருந்தே அனுப்பலாம்" என்பதுதான் சப்ஜெக்ட். அடுத்த வரி: "வரைவைத் திற, பெயரைத் தேர்ந்தெடு, அனுப்பு. பழைய இன்வாய்ஸ்களுக்கும் பொருந்தும்." சப்ஜெக்ட் எழுப்பும் அடுத்த கேள்விக்கு அந்த வரி பதில் சொல்ல வேண்டும். நீங்கள் அதில் பிரவுசர் லிங்க்கைப் போட்டிருப்பதால், மெயில் உடைந்திருக்கலாம் என்ற செய்திதான் இன்பாக்ஸில் தெரிகிறது. எச்டிஎம்எல்லில் உடல் பகுதியின் முதல் எழுத்துகளைத்தான் இன்பாக்ஸ் எடுத்துக் காட்டும். பிரவுசர் லிங்க்கை அடிக்குத் தள்ளுங்கள்.

படத்துக்குள் தலைப்பையும் பட்டனையும் வைத்திருக்கிறீர்கள். படம் இறங்காத இடத்தில் அது வெற்றுப் பெட்டி. தலைப்பு எழுத்தாகவே இருக்கட்டும், பட்டன் நிறம் போட்ட டேபிள் செல்லுக்குள் லிங்க்காக இருக்கட்டும், உயரம் 44 பாயிண்ட்டாவது இருக்கட்டும். விண்டோஸில் பழைய அவுட்லுக், மெயிலைக் காட்ட வேர்டின் இயந்திரத்தைப் பயன்படுத்துகிறது. லிங்க்குக்குக் கொடுக்கும் பேடிங்கை, அதாவது சுற்றி விடும் இடைவெளியை, அது மதிக்காது. இடைவெளியை டேபிள் செல்லுக்குக் கொடுத்தால் தப்பிக்கும்.

ஏழு "மேலும் அறிய" எதற்கு? ஒரு மெயில், ஒரு வேலை. மற்ற ஆறில் இரண்டை ஒற்றை வரிச் செய்தியாகக் கீழே போடலாம். மீதியை அடுத்த வாரங்களுக்குப் பிரித்துவிடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். பட்டனில் "மேலும் அறிய" என்பதற்குப் பதில் தட்டினால் என்ன நடக்கும் என்று எழுதுங்கள்: "முதல் இன்வாய்ஸை அனுப்பு".

இவ்வளவும் சரியில்லாத ஒரு மெயிலை அனுப்பிவிட்டு, க்ளிக் செய்யவில்லை என்று 30,000 பேரைத் தண்டிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தபால்காரன்:
130 கேபி என்பதை நான் இன்னும் கடுமையாகவே சொல்வேன். ஜிமெயில் சுமார் 102 கேபிக்கு மேல் போகும் மெயிலை வெட்டி, முழுவதையும் பார்க்க ஒரு லிங்க்கைக் கொடுக்கும். வெட்டுப்படுவது அடிப்பகுதி. அன்சப்ஸ்கிரைப் லிங்க் அங்கேதான் இருக்கிறது. விலக நினைப்பவர் வழி தெரியாமல் ஸ்பேம் பட்டனை அழுத்துவார். கண்காணிப்புப் படமும் அடியில் இருந்தால் ஓபன் கணக்கும் போச்சு. எடிட்டரிலிருந்து ஒட்டும்போது வரும் தேவையற்ற ஸ்டைல்களை நீக்கினாலே பெரும்பகுதி குறையும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் 3 பைட் ஆவதால், நாம் 80 கேபிக்குள் நின்றுகொள்வது நல்லது.

சப்ஜெக்ட் தமிழில் போகிறதென்றால் ஒன்றைச் சோதியுங்கள். மெயிலோடு மறைவாகப் போகும் தலைப்புப் பகுதியில் (ஹெடர்) அது 75 எழுத்துக்கு மிகாத துண்டுகளாகக் குறியாக்கம் செய்யப்படும். பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 முறையில் ஒரு துண்டுக்கு 45 பைட், அதாவது 15 தமிழ்க் குறிகள். இடையில் ஒரு பைட் மட்டுமே எடுக்கும் ஓர் இடைவெளியோ இலக்கமோ வந்தால் கணக்கு நகர்ந்துவிடும். பைட் எண்ணி வெட்டும் மோசமான நிரல் ஓர் எழுத்தை நடுவில் பிளந்து, சப்ஜெக்ட்டில் கேள்விக்குறிக் கட்டத்தைக் காட்டும். குறியின் எல்லையில்தான் வெட்ட வேண்டும் என்பது தரநிலை.

ஆனால் என் வாதம் நிற்கிறது. ஸ்பேம் ஃபோல்டரில் விழுந்த மெயிலின் சப்ஜெக்ட்டை எவ்வளவு செதுக்கியும் பயனில்லை. அனுப்புகிறவர்களுக்காக கூகுள் தரும் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் என்ற கருவியில் புகார் விகிதம் குறைவாகத் தெரிகிறதே என்றும் நம்பிவிட வேண்டாம். நேரே ஸ்பேமுக்குப் போன மெயிலைப் பற்றி யாரும் புகார் கொடுக்க முடியாது. விகிதம் குறைந்து, கூடவே ஜிமெயில் முகவரிகளின் க்ளிக்கும் குறைந்தால், அது கெட்ட செய்தி. டொமைன் வாரியாக க்ளிக்கைப் பிரித்துப் பாருங்கள்: ஜிமெயிலில் மட்டும் சரிந்திருந்தால் சிக்கல் இன்பாக்ஸில் இடம் கிடைப்பதில், எல்லா இடத்திலும் ஒரே அளவு சரிந்திருந்தால் வாசகர்பக்கம் சொல்வது சரி, சிக்கல் மெயிலில்.

எண்கணக்கு:
அந்தக் கடைசிச் சோதனை இன்றைக்கே செய்யக்கூடியது. மற்றதற்கு இருவருமே ஊகத்தில் நிற்கிறீர்கள்.

30,000 பேரைக் குலுக்கிப் போட்டு 15,000 வீதம் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு மெயில் தொடரட்டும், மறுபாதிக்கு 8 வாரம் நிறுத்துங்கள். அளக்க வேண்டியது சேவைக்குள் நடப்பது: உள்நுழைந்தாரா, சந்தாவைப் புதுப்பித்தாரா. மெயில் போகாதவருக்கு க்ளிக் இருக்கவே முடியாது என்பதால் க்ளிக்கை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

எவ்வளவு வித்தியாசம் தெரியும்? ஒரு குழுவுக்குத் தேவையான ஆட்கள், தோராயமாக 16 × வி × (1 − வி) ÷ வித்தியாசத்தின் வர்க்கம். வி என்பது இரு விகிதங்களின் சராசரி. 95 சதவீத நம்பகத்துக்கும் 80 சதவீதத் திறனுக்கும் (வித்தியாசம் உண்மையில் இருந்தால் ஐந்தில் நான்கு முறை அதைக் கண்டுபிடிக்கும்) இது பொருந்தும். புதுப்பிப்பு 0.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகிறதா என்று பார்க்க ஒரு குழுவுக்குச் சுமார் 11,500 பேர் போதும். 0.7 ஆகிறதா என்று பார்க்கக் கிட்டத்தட்ட 24,000 பேர் வேண்டும், உங்களிடம் இல்லை. ஆகவே பெரிய பலன் இருந்தால் இந்தச் சோதனை காட்டும், சிறியதைக் காட்டாது. காட்டவில்லை என்றால் பலனே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

ஓபன் ரேட்டை வைத்து சப்ஜெக்ட் சோதனை செய்யும் பழக்கத்தையும் விடுங்கள். க்ளிக் 2 சதவீதத்திலிருந்து 2.4 ஆகிறதா என்று அறிய ஒரு குழுவுக்கு 21,000 பேருக்கு மேல் தேவை. ஆயிரம் பேருக்கு அனுப்பி இரண்டு மணி நேரத்தில் "வென்ற" சப்ஜெக்ட்டை மீதிப் பேருக்கு அனுப்புவது காசைச் சுண்டுவதற்குச் சமம்.

தபால்காரன்:
உங்கள் சோதனையில் ஓர் ஓட்டை. டொமைனின் பெயர் இரண்டு குழுவுக்கும் பொது. தொடர்ந்து அனுப்பும் 15,000 பேர் கொடுக்கும் புகார், க்ளிக் செய்கிற 20,000 பேரின் இன்பாக்ஸையும் பாதிக்கும். நிறுத்துவதால் கிடைக்கும் முக்கியப் பலனே அந்த 20,000 பேரிடம்தான் தெரியும். உங்கள் ஒப்பீட்டில் அது வரவே வராது.

எண்கணக்கு:
ஒப்புக்கொள்கிறேன். அதைக் குலுக்கல் முறையில் அளக்க முடியாது. 30,000 பேருக்கும் முழுசாக நிறுத்தி, 20,000 பேரின் ஜிமெயில் க்ளிக் முன்னும் பின்னும் எப்படி என்று பார்க்கலாம். அதே வாரங்களில் மற்ற டொமைன்களின் க்ளிக்கை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். குலுக்கல் அளவுக்கு உறுதியான ஆதாரம் இல்லை, ஆனால் ஒன்றுமில்லாததற்கு மேல். அந்த வாரங்களில் மெயிலின் வடிவத்தை மாற்றக்கூடாது. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

வாசகர்பக்கம்:
அப்படியானால் வரிசைதான் கேள்வி. வடிவத்தை முதலில் சரிசெய்து நான்கு மெயில் அனுப்புங்கள், அதற்கு அப்புறம் யார் அசைகிறார்கள் என்று பாருங்கள் என்பது என் நிலை. ஒரேயடியாக வெட்டாமல் படியாக இறங்கலாம். 90 நாள் அசையாதவருக்கு வாரத்துக்குப் பதில் மாதம் ஒன்று. 180 நாள் தாண்டினால், தொடர விருப்பமா என்று கேட்டு பத்து நாள் இடைவெளியில் இரண்டு மெயில். பதில் இல்லை என்றால் நிறுத்தம். இந்தச் சேவையில் பணம் கட்டிக்கொண்டிருப்பவர், சமீபத்தில் உள்நுழைந்தவர், மெயிலுக்குப் பதில் எழுதியவர் யாரும் இந்தக் கணக்கில் வரக்கூடாது. விலகும் பக்கத்திலும் "மாதம் ஒன்று போதும்" என்ற தேர்வை வையுங்கள்.

தபால்காரன்:
படி இறங்குவதை ஏற்கிறேன். பதிவு செய்து ஒரு வருடம் தாண்டியும் ஒருமுறைகூட க்ளிக் செய்யாத, உள்நுழையாத முகவரிகளுக்கு மட்டும் நான்கு மெயில் வரை காத்திருக்கச் சம்மதமில்லை. அவற்றை இன்றே நிறுத்த வேண்டும்.

நிறுத்துவது என்றால் அழிப்பதில்லை, தடைப்பட்டியலில் சேர்ப்பது. அழித்துவிட்டால், யாராவது பழைய கோப்பை மறுபடி ஏற்றும்போது விலகியவர்களும் சேர்ந்து திரும்பி வருவார்கள். "தொடர விருப்பமா" மெயிலையும் 30,000 பேருக்கு ஒரே நாளில் அனுப்பாதீர்கள். பவுன்ஸும் (திரும்பி வரும் மெயில்) புகாரும் அன்றைக்கே குவியும். ஒரு நாளைக்கு இரண்டாயிரமாகப் பிரித்து, சமீபத்தில் அசைந்தவரிலிருந்து தொடங்குங்கள். பவுன்ஸ் ஏறத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

புதுநிரல்:
அந்த மெயிலில் "ஆம், தொடரட்டும்" என்ற லிங்க்கை க்ளிக் செய்தாலே ஒப்புதலாக எடுத்துக்கொள்ளலாமா?

வாசகர்பக்கம்:
கூடாது. மேலே சொன்ன ஸ்கேனர்கள் அதையும் க்ளிக் செய்யும், செத்த முகவரிகள் எல்லாம் உயிரோடு இருப்பதாகத் தெரியும். லிங்க் ஒரு பக்கத்தைத் திறக்கட்டும், அங்கே ஒரு பட்டனை அழுத்தினால் மட்டும் பதிவாகட்டும்.

தபால்காரன்:
விலகும் லிங்க்குக்கும் அதே ஆபத்து உண்டு. திறந்த மாத்திரத்தில் விலக்கிவிடும்படி வைத்திருந்தால் ஸ்கேனர் உங்கள் நல்ல வாசகரையும் விலக்கிவிடும். 2017-ல் வந்த ஆர்எஃப்சி 8058 என்ற இணையத் தரநிலை இதற்காகத்தான் போஸ்ட் கோரிக்கையைக் கேட்கிறது; லிங்க்கைத் திறப்பதால் மட்டும் அது போகாது. லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப், லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்-போஸ்ட் இரண்டு ஹெடரும் இருக்கட்டும், இரண்டும் டிகேஐஎம் கையொப்பத்துக்குள் வரட்டும். கோரிக்கை வந்த இரண்டு நாளுக்குள் விலக்கிவிட வேண்டும். சோதனைக் கணக்கு ஒன்றுக்கு அனுப்பி, ஜிமெயிலில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் விலகும் லிங்க் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே முதல் இரண்டாயிரத்தை அனுப்புங்கள்.