அமெரிக்காவில் பயோகெமிஸ்ட்ரி போஸ்ட்டாக்கா? அசிஸ்டன்ட் புரொஃபசர் வேலை பற்றிக் கொஞ்சம்

போன மாதம் போஸ்ட்டாக்காக (பிஎச்டிக்குப் பிறகான ஆய்வுப் பணி) வந்து இறங்கிய தம்பி ஒருவர், "பேப்பர் நாலு இருக்குண்ணா, எப்போ அப்ளை பண்ணலாம்?" என்று கேட்டிருந்தார். ஆய்வுப் பேப்பர் இன்டர்வியூ வாசல் வரை கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். உள்ளே போன பிறகு பார்ப்பது வேறு.

விளம்பரங்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வரும், சேருவது அடுத்த வருடம். சிபாரிசுக் கடிதம் மூன்று வேண்டும், பேராசிரியர்களிடம் ஜூலையிலேயே சொல்லி வையுங்கள். முதலில் ஜூமில் பேசுவார்கள், பிடித்திருந்தால் இரண்டு நாள் நேரில் கூப்பிடுவார்கள். செமினார் எல்லோரும் நன்றாகவே செய்துவிடுகிறோம். மாட்டிக்கொள்வது சாக் டாக்கில். ஸ்லைடு கிடையாது, ஒரு போர்டு, ஒரு மார்க்கர், எதிரே துறை முழுக்க உட்கார்ந்து நடுவில் நடுவில் குறுக்கிட்டுக் கேட்பார்கள், உங்கள் லேப் ஐந்து வருடத்தில் என்ன செய்யும், எந்த கிராண்ட்டுக்கு (ஆராய்ச்சி நிதி) போடுவீர்கள் என்று. என்னிடம் ஒருவர், "இந்தப் புரோட்டீன் கரையவே இல்லையென்றால்?" என்றார். "கரையும் சார்" என்றேன்! வேலை கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

சின்ன கல்லூரிகளில் டெமோ கிளாஸ் எடுக்கச் சொல்வார்கள். எனக்கு என்சைம் கைனெடிக்ஸ், அதாவது என்சைம்கள் வேலை செய்யும் வேகம். நம் ஊர் வழக்கப்படி மைக்கேலிஸ்–மென்டன் சமன்பாட்டை வரிவரியாக டிரைவ் செய்து போர்டை நிரப்பினேன், பிள்ளைகள் போனைப் பார்த்தார்கள். ஒரு தட்டு சோறு சாப்பிட்ட பிறகு கல்லீரலில் குளூக்கோகைனேஸ் என்ற என்சைம் ஏன் வேகமெடுக்கிறது, அதே வேலையைச் செய்யும் ஹெக்சோகைனேஸ் ஏன் ஏற்கெனவே முழு வேகத்தில் இருக்கிறது என்று ஆரம்பித்திருந்தால் கேஎம் (என்சைம் பாதி வேகத்தை எட்டத் தேவையான சர்க்கரை அளவு) தானாகப் புரிந்திருக்கும்.

நிராகரிப்பு வந்தால் உடைந்து போகாதீர்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், யேலில் போஸ்ட்டாக் முடித்துவிட்டு சுமார் 50 இடங்களுக்கு எழுதியும் இங்கே பேராசிரியர் வேலை கிடைக்காமல் ஆய்வகங்களுக்குப் போனவர். 2009 நோபல் அப்புறம் நடந்த கதை.

விசா விஷயம்: ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வந்தவர்கள் இரண்டு வருடம் சொந்த நாடு திரும்பும் நிபந்தனை தங்களுக்கு உண்டா என்று இன்றே பாருங்கள். இருந்தால் வெய்வர் (விலக்கு) வாங்காமல் எச்-1பி வேலை விசாவுக்கு மாற முடியாது. பல்கலைக்கழகங்களின் எச்-1பி-க்கு லாட்டரி இல்லை என்பது நமக்கு ஆறுதல். போஸ்ட்டாக்கிலிருந்து பேராசிரியர் வேலைக்குப் போக உதவும், என்ஐஎச்-இன் (அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு) கே99 கிராண்ட்டுக்குக் குடியுரிமை தேவையில்லை, ஆனால் போஸ்ட்டாக் நாலு வருடம் தாண்டும் முன் போட வேண்டும்.

ஆஃபர் வந்தால் உடனே சரி சொல்லிவிடாதீர்கள். சம்பளம் பெரும்பாலும் 9 மாதத்துக்குத்தான், கோடைக்கு என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். லேப் தொடங்க அவர்கள் தரும் ஸ்டார்ட்-அப் பணத்துக்கு ஒவ்வொரு கருவியாக விலை வாங்கிப் பட்டியல் போடுங்கள். எனக்குக் கேட்கக் கூச்சம். பட்டியலில் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரை விட்டுவிட்டு, முதல் வருடம் முழுக்கப் பக்கத்து லேப் ஃப்ரீசரில் ஒரு அடுக்கு இரவல் வாங்கி ஓட்டினேன்.